துவாலமி புல்வெளியில் ஆச்சியின் குடில்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போட இடம் பிடிப்பது நம்மூரில் தட்கல் டிக்கெட் எடுப்பதைப் போலத்தான். மாதாமாதம் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு, ஐந்து மாதம் தள்ளி வரும் நாட்களுக்கான முன்பதிவு திறக்கும். கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். 2016 மார்ச்சில் என் கணவர் ஒரு கணினி முன்னாலும் நான் ஒரு கணினி முன்னாலும் உட்கார்ந்து, ஆகஸ்ட் முதல் வாரத்துக்குத் துவாலமி மெடோஸ் முகாமில் ஓர் இடத்தைப் பிடித்தோம். ஓர் இடத்துக்கு ஆறு பேர் வரை தங்கலாம். பிள்ளைகள் இருவரோடு நாங்கள் நால்வர். மே மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து வரவிருந்த அம்மாவையும் சேர்த்தால் ஐவர்.

விஷயம் தெரிந்ததும், நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டின் சிநேகிதிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வயசான அம்மாவைக் கொண்டுபோய்க் காட்டுல படுக்கப் போடப் போறியா?" ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கென்று இங்கே எழுதாத பட்டியல் ஒன்று உண்டு. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், லாஸ் வேகாஸ், தள்ளுபடிக் கடைகள். மிச்ச நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாத விசாவில் நான்கு மாதம் அப்படித்தான் போகும்.

அம்மா போனில் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"பக்கத்துல ஆறு ஓடுதாளா?"

"ஓடுதும்மா."

"தீ மூட்ட விடுவாவளா?"

"விடுவாங்க."

"அப்பம் என்ன, வாரேன். சொரிமுத்தையன் கோயிலுக்குப் போற மாதிரிதான?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றங்கரையில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பானை, பாய், ஆடு, கோழியோடு மலையேறி, ஆற்றங்கரைக் காட்டில் குடில் போட்டுத் தங்கும். அம்மாவின் சின்ன வயதில் வாரக்கணக்கில் தங்குவார்களாம். இப்போது வனத்துறை அதைச் சில நாட்களாகச் சுருக்கிவிட்டது, பிளாஸ்டிக்கும் கூடாது. தரையில் படுப்பது, ஆற்றில் குளிப்பது, மூன்று கல் வைத்து ஆக்குவது, ராத்திரி மிருகச் சத்தம் கேட்பது எல்லாம் அவளுக்குப் பழக்கம். எங்கள் வீட்டில் இதில் எதுவுமே தெரியாதவர்கள், ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கி வைத்திருந்த நாங்கள்தான்.

மூட்டை கட்டும் பொறுப்பு இயல்பாக அவள் கைக்குப் போனது. கூடாரம், காற்று மெத்தை, இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு ஆகியவற்றை என் கணவர் பட்டியல் போட்டு அடுக்கினார். அம்மா பட்டியல் போடவில்லை. புழுங்கலரிசி, துவரம்பருப்பு, பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல், தோசைக்கல், மேலே ஐந்து லிட்டர் குக்கர். "குக்கர் எதுக்கு அத்தை, கனம்தானே? பாத்திரத்துலயே வடிச்சுக்கலாம்" என்றார் இவர். "இருக்கட்டும் மாப்பிள்ள, அது ஒரு ஓரமாக் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, குக்கருக்குள் வெங்காயத்தைப் போட்டு மூடி வண்டியில் ஏற்றினாள். மருமகனிடம் வாதாடும் பழக்கம் அவளுக்கு இல்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நினைத்ததைச் செய்துவிடுவாள்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிவர்மோரில் ஒரு கும்பிடு, ஓக்டேலில் ஒரு காபி, வழியெல்லாம் பாதாம் தோப்பு. மொக்கசின் தாண்டி ப்ரீஸ்ட் கிரேடு ஏற்றத்தில் வளைவுகளில் சின்னவனுக்குக் குமட்டல் வந்து, ஆச்சி கொடுத்த எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தான். க்ரோவ்லேண்டுக்கு அப்புறம்தான் எல்லோருமே பேச்சை நிறுத்தினோம். சாலையின் இருபுறமும் கருகிய மரங்கள், மைல் கணக்கில், கிளையில்லாமல் குச்சி குச்சியாக நின்றன. 2013 ஆகஸ்டில் இங்கே பிடித்த ரிம் தீயில் எரிந்தது 2,57,000 ஏக்கர். வேட்டைக்கு வந்த ஒருவர் தடையை மீறி மூட்டிய தீ கைமீறிப் போனதுதான் காரணம் என்று வனத்துறை அறிவித்தது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மரங்களை அவள் மறக்கவில்லை என்பது அன்று ராத்திரி தெரிந்தது.

பூங்காவுக்குள் க்ரேன் ஃபிளாட்டில் இடப்பக்கம் திரும்பினால் டயோகா சாலை. பனியால் வருஷத்தில் பாதி மூடியே கிடக்கும் பாதை அது. 1880-களின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காக முதலில் போட்ட வண்டிப்பாதையில் பெருமளவு உழைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஓம்ஸ்டெட் பாயின்ட்டில் நிறுத்தினால் ஹாஃப் டோம் பாறையின் முதுகு தெரியும். கிட்டத்தட்ட நம் ஆனைமுடி உயரம் அது. அஞ்சலட்டைகளில் பார்த்துப் பழகிய முகத்தைவிட எனக்கு இந்த முதுகுதான் பிடிக்கும். அங்கே சந்தடி குறைவு என்பதும் ஒரு காரணம். அடுத்து தெனாயா ஏரி. அதைத் தாண்டினால், கருங்கல் குன்றுகள் விலகி, அகன்ற புல்வெளி ஒன்று திறக்கும். நடுவே ஆறு. அதுதான் துவாலமி மெடோஸ். 8,600 அடி. தொட்டபெட்டா உச்சியில் கூடாரம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், உயரக் கணக்கு சரியாக இருக்கும்.

ஒவ்வொரு கூடார இடத்திலும் ஒரு மேஜை, ஒரு தீவட்டம், ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் அங்கே சட்டம். கரடிப் பெட்டி என்று நாங்கள் அழைத்தோம். தின்பண்டம் மட்டுமில்லை, மணக்கிற எதுவானாலும் அதற்குள் போய்த் தாழ் போட வேண்டும். பற்பசை, சோப்பு, தைலம், குழந்தைக்குப் பூசும் கிரீம், காலி டப்பா எல்லாமே. யோசெமிட்டியில் இருப்பது கருங்கரடி மட்டும். கலிஃபோர்னியாக் கொடியில் இருக்கிற பெரிய கிரிஸ்லி கரடி நூறாண்டுக்கு முன்பே இந்த மாநிலத்தில் அழிந்துவிட்டது. கருங்கரடி ஆளைத் தேடி வராது. ஆனால் மூக்கு பொல்லாதது. 1998-இல் மட்டும் கரடிகள் வண்டியை உடைத்தது, சாப்பாட்டைத் தூக்கியது என்று 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. அதற்குப் பிறகுதான் பெட்டியும் கண்டிப்பும் இறுகின. சம்பவங்களும் வெகுவாகக் குறைந்தன. இதில் எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்த வண்டிகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. பூங்காவுக்கு வருகிற வண்டிகளில் ஒவ்வொரு வகையும் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்தால், மினிவேன்கள்தான் அளவுக்கு மிஞ்சி அடிவாங்கியிருந்தன. பிள்ளைக்குட்டிக்காரர்களின் வண்டியில் சிந்திய பண்டம் அதிகம் என்பது ஆய்வாளர்களின் ஊகங்களில் ஒன்று. எங்கள் மினிவேனின் பின்சீட்டு இடுக்கில் முறுக்குத் தூள் எவ்வளவு இருந்தது என்பது அதைப் பெருக்கிய எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் ஒரு பெண் ரேஞ்சர் சுற்றி வந்தார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல், கோபால் பல்பொடி, அமிர்தாஞ்சன், தேங்காயெண்ணெய். ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மேஜைமேல் இருந்த ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். கட்டிப் பெருங்காயம். முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்து, மறுபடி ஒருமுறை மோந்து பார்த்து, "இதை முதலில் உள்ளே வையுங்கள்" என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி உள்ளே வைத்தாள்.

தகராறு வந்தது திருநீற்றில். சொரிமுத்தையன் கோயில் திருநீறு, பச்சைக்கற்பூரம் கலந்தது, சுருக்குப்பையில் தலைமாட்டிலேயே வைத்துப் படுப்பாள். அதுவும் மணக்கும், பெட்டிக்குள் போக வேண்டும் என்று பெரியவள் பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் கரடி பற்றி ஒரு பாடமே படித்து வந்திருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பையை எடுத்துப்போய் அரிசிக்கும் பருப்புக்கும் மேலே வைத்து, "சரி, அவரு இங்ஙனயே இருந்து காவல் பாக்கட்டும். அவரு வேலையே அதான?" என்று தாழைப் போட்டாள்.

அன்றைக்கு இவர்தான் சோறு வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அரைமணி, முக்கால்மணி ஆயிற்று. புழுங்கலரிசி நடுவில் கல்லாகவே நின்றது. அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. இவர் அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா ஓசையில்லாமல் வெங்காயத்தைக் கீழே கொட்டி, குக்கரைக் கழுவி, பாதி வெந்த அரிசியை அதில் மாற்றி, வெயிட்டைப் போட்டாள். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் மலையிலும் நூறு டிகிரியைத் தாண்டிவிடும். சோறு வேகாமல் எங்கே போகும்?

முதல் விசில் வந்தபோது முகாமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பைன் மரங்களுக்கு நடுவே அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. எதிர்க் கூடாரத்திலிருந்து ஒரு தாத்தா கையில் விளக்கோடு எழுந்து வந்து நின்றார். இரண்டாவது விசிலுக்குள் நான்கைந்து பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றன. மூன்றாவதற்கு எல்லாம் சேர்ந்து எண்ணின. அம்மா அடுப்பை அணைத்தாள். சோறும் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் தட்டில் விழுந்தபோது, தாத்தாவும் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்குத் தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோ கொண்டுவந்தார். அம்மா அதை மரியாதைக்கு வாயில் போட்டுக்கொண்டு, அவர் போனதும், "பஞ்சுல சீனியத் தொட்டுத் தின்ன மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

விறகு அங்குள்ள கடையில் கட்டாக விற்றது. வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது என்பார்கள், மரத்தைத் தின்னும் பூச்சியும் கூடவே வந்துவிடுமாம். தீவட்டத்தில் இவர் காகிதத்தைக் கசக்கி ஊதிக்கொண்டிருந்த இடத்தில் அம்மா உட்கார்ந்து, கட்டையிலிருந்து சிராய்களைக் கையால் உரித்து, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கூடு கட்டி, காற்று வரும் பக்கம் ஒரு வாய் விட்டு, ஒற்றைத் தீக்குச்சியில் பற்றவைத்தாள். ஆனால் பிள்ளைகள் இன்னும் கட்டை போடச் சொன்னபோது ஒப்பவில்லை. படுக்கும் முன் வாளித் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தாள். பார்த்துவிட்டு, "வழில பாத்தோம்லா" என்றாள், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அது அம்மாவுக்கு விளங்கவே இல்லை. சொரிமுத்தையன் கோயிலில் விடிய விடிய மேளமும் கூத்துமாக இருக்கும். "இப்படி மூச்சுக் காட்டாமக் கெடந்தா மிருகம் வரத்தான செய்யும்?" என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. நடுராத்திரிக்கு மேல் எங்கோ இரும்புப் பெட்டி தடதடவென்றது. கைதட்டல், ஓர் ஆணின் அதட்டல், டார்ச் வெளிச்சம் கூடாரத் துணியில் ஓடி மறைந்தது. நான் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "கரடிதான். தொறக்கத் தெரியாமப் போயிருக்கும். நம்மூர்க் கரடின்னா மூஞ்சியப் பிறாண்டிரும், இது சாதுன்னுதான சொன்னாவ" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அம்பை, கடையம் பக்கம் மலையடிவார ஊர்க்காரர்களுக்குக் கரடி புதிதில்லை.

மறுநாள் புல்வெளி வழியாக சோடா ஸ்பிரிங்ஸுக்கு நடந்தோம். சமதளப் பாதை, வயதானவர்களுக்குத் தோது. துருப்பிடித்த நிறத்தில் மண்ணிலிருந்து கேஸ் கலந்த தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு கசிகிறது. 1889-இல் இந்த இடத்தருகே இயற்கையியலாளர் ஜான் முயிரும் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் என்ற பத்திரிகை ஆசிரியரும் கூடாரமடித்துத் தங்கினார்கள். ஆட்டு மந்தைகள் புல்வெளியைத் தின்று தீர்ப்பதைப் பார்த்து, இதைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று அந்தத் தீயருகே பேசி முடிவெடுத்தார்கள். முயிர் கட்டுரை எழுத, ஜான்சன் அதை வெளியிட்டு வாஷிங்டனில் ஆள் பிடித்தார். 1890 அக்டோபர் 1-ஆம் தேதி சட்டம் வந்துவிட்டது. ஒரு கேம்பிங்கில் பேசிய பேச்சு அடுத்த வருஷமே சட்டமாவதெல்லாம் அந்தக் காலத்தோடு சரி.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்பம் அதுக்கு முன்னால இங்ஙன யாரு இருந்தா?" என்றாள். மோனோ ஏரிப் பக்கத்துப் பாயூட் மக்கள் எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்த வழி இந்தப் புல்வெளி. கீழே யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி மக்கள். 1851-இல் ஆயுதப்படை அனுப்பி அவர்களை விரட்டினார்கள். அவர்களுடைய தலைவர் தெனாயாவின் பெயரைத்தான் நேற்றுப் பார்த்த ஏரிக்கு அந்தப் படையே வைத்தது. பிற்காலத்தில் பூங்கா வேலைகளில் இருந்துகொண்டு பள்ளத்தாக்கிலேயே குடியிருந்த சில குடும்பங்களின் கடைசிக் குடியிருப்பும் 1969-இல் அழிக்கப்பட்டது. சொன்னேன். "காரையாறுல காணிக்காரவ இன்னும் இருக்காவ" என்றாள், அங்குள்ள பழங்குடிகளைச் சொல்லி. அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பூங்காவின் அழகைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வரியைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆற்றில் இறங்கியவள் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு உடனே கரையேறிவிட்டாள். பனி உருகிய தண்ணீர். அந்த ஆறு அப்படியே ஓடிக் கீழே ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் ஓர் அணையில் விழுகிறது. அந்த அணை வேண்டாமென்று முயிர் கடைசிவரை போராடித் தோற்றார். 1913-இல் அனுமதி, 1923-இல் அணை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சுற்று ஊர்களுக்கும் குடிநீர் அங்கிருந்துதான். எங்கள் ஃப்ரீமாண்ட் குழாயிலும் அதில் ஒரு பங்கு வருகிறது. தாமிரபரணியில் வளர்ந்தவளுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்பம் நம்ம வீட்டுத் தண்ணிதான்" என்று இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

தோசை மாவுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி மூன்று நான்கு டிகிரிக் குளிரில் மாவு புளிக்காது. பகலில் மட்டும், கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாப்பாட்டை வண்டிக்குள் மறைத்து வைக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அம்மா மாவுத் தூக்கை வெயிலில் நின்ற மினிவேனுக்குள் துணி போர்த்தி வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எடுத்தாள். பொங்கியிருந்தது. இந்த மலைத்தொடரில் இது புதிய வித்தையுமில்லை. நூறு வருஷத்துக்கு முன் அரசாங்க நில அளவைக்காரர்களுக்குச் சமைத்த டை சிங் என்ற சீனர், ரொட்டி மாவைப் பிசைந்து கோவேறு கழுதையின் உடம்புச் சூட்டில் கட்டிவைத்து, போகிற வழியிலேயே பொங்க வைப்பாராம். 1915-இல் ஸ்டீபன் மாதர் என்பவர் பெரிய மனிதர்களைச் சியெரா நெவாடா மலைக்குக் கூட்டிவந்து தேசியப் பூங்காத் துறை வேண்டுமென்று அவர்கள் மனதைக் கரைத்தபோது, காட்டுக்குள் வெள்ளைத் துணி விரித்து அவர்களுக்குப் பரிமாறியவரும் அவர்தான். அடுத்த வருஷம் துறை பிறந்தது. யோசெமிட்டியின் தெற்கு எல்லையில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. சமையல்காரர் பெயரில் மலை இருப்பது நியாயம் என்று எங்கள் வீட்டில் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

அம்மாவுக்கு முதல் ராத்திரி லேசான தலைவலி இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கவைத்ததில் மறுநாள் சரியாகிவிட்டது. இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்களை ஒரே நாளில் இந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள், முதலில் 4,000 அடியில் இருக்கும் பள்ளத்தாக்கில் தங்கவையுங்கள். மற்றபடி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கடை கடையாகக் கூட்டிப்போகும் நேரத்தில் நாலு நாளைக் காட்டுக்கு ஒதுக்குங்கள். சீரமைப்புக்காக 2022 முதல் மூடிக்கிடந்த துவாலமி முகாம் 2025-இல் திறந்துவிட்டது. குக்கரைக் கனம் என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். விசிலை மட்டும் ராத்திரி பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.